லேபிள் மாறாது, லிங்க் மாறும்: டைனமிக் கியூஆர் சேவைக்குச் சந்தா கட்டின அனுபவம்

காங்கேயத்துல இருந்து வெள்ளகோவில் போற ரோட்டோரம் எங்க மரச்செக்கு. கடலெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் மூணும் ஆட்டி, அரை லிட்டர், ஒரு லிட்டர் பாட்டில்லயும் 15 கிலோ டின்னுலயும் போடறோம். ஒவ்வொரு லேபிள்லயும் ஒரு கியூஆர் கோடு இருக்கும். லேபிள் அச்சாகி, பாட்டில்ல ஒட்டி, பாட்டில் ஊர் தாண்டிப் போன பொறகும் அந்தக் கோடு எந்தப் பக்கத்தைத் திறக்கணும்னு இங்க உக்காந்துட்டே மாத்தறதுக்காக ஒரு வெளிநாட்டுச் சேவைக்கு வருஷச் சந்தா கட்டறோம். அது காசுக்குத் தகுமாங்கறதுதான் இந்த விமர்சனம். பேரைப் போடலை. குறை சொல்ற இடம் நெறைய வருது. தவிர, நான் பார்த்த வரைக்கும் இந்த வகைச் சேவைங்க எல்லாம் ஒரே அச்சுதான், பேரும் நிறமும்தான் வேற.

கடைக்கு வர்றவங்கள்ல பல பேர் நாங்க கோடையே மாத்தறோம்னு நினைச்சுக்கறாங்க. அச்சான கறுப்புக் கட்டம் மாறவே மாறாது. அதுக்குள்ள இருக்கறது ஒரு குட்டி லிங்க், அவ்வளவுதான். ஸ்கேன் பண்ணினா போன் அந்தச் சேவைக்காரரோட சர்வரைப் போய்த் தட்டும். சர்வர் தன் பட்டியலைப் பார்த்து, இந்தக் கோடுக்கு இன்ன பக்கம்னு திருப்பி விடும். நாம மாத்தறது அந்தப் பட்டியல்ல ஒரே ஒரு வரி. இதுக்குத்தான் டைனமிக் கோடுன்னு பேரு. சாதாரண ஸ்டாட்டிக் கோடுல போக வேண்டிய விலாசமே கட்டத்துக்குள்ள எழுதியிருக்கும். விலாசம் மாறினா லேபிளைக் கிழிக்கறதைத் தவிர வேற வழியில்லை.

லேபிளைக் கிழிக்கறது சின்னச் செலவு இல்லீங்க. பத்தாயிரத்துக்குக் கீழ ஆர்டர் குடுத்தா லேபிள் ஒண்ணுக்கு விலை எக்கச்சக்கமா ஏறும். பவுச்சுல போடறவங்களுக்கு இன்னும் மோசம், டிசைன்ல ஒரு புள்ளி மாறினாலும் அச்சடிக்கற சிலிண்டரைப் புதுசா வெட்டணும். எங்க கோடு முதல்ல செக்கு ஓடற யூடியூப் வீடியோவுக்குப் போயிட்டிருந்துச்சு. அப்புறம் சென்னைக் கடைக்காரங்க லேப் ரிப்போர்ட் கேட்டாங்க. தீபாவளிக்கு முன்னால ஆர்டர் போட வாட்ஸ்அப்புக்குப் போனா நல்லாயிருக்கும்னு எங்கூட்டுக்காரர் சொன்னார். மூணுக்கும் மூணு ரோல் லேபிள் அடிக்க முடியுமா?

இந்தச் சேவை எனக்கு உண்மையிலேயே கைகுடுத்தது தேங்காயெண்ணெயிலதான். கார்த்திகை பொறந்தா இந்தப் பக்கம் வெள்ளென நல்லாக் குளிரும். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ போனா உறைய ஆரம்பிக்கும், அது அதோட குணம். ஆனா டவுன்ல இருக்கறவங்களுக்கு அது கலப்படமாத் தெரியுது. கோபியில இருந்து ஒரு அம்மா போன் பண்ணி, "ஏனம்முணி, எண்ணெய் கெட்டியாக் கெடக்குது, மெழுகு கிழுகு ஊத்திட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. இப்படி மார்கழி முடியற வரைக்கும் போன் வந்துட்டே இருக்கும். ஒவ்வொருத்தருக்கா விளக்கம் சொல்லி முடிக்கறதுக்குள்ள செக்குல போட்ட கொப்பரை அரைபட்டு முடிஞ்சிருக்கும்.

போன குளிருக்கு தேங்காயெண்ணெய்க் கோடை மட்டும் மாத்தினேன். போன்ல அவங்க ஆப்பைத் திறந்து, பட்டியல்ல 'தேங்காய் 500' தேடி, பென்சில் படத்தைத் தொட்டா, இப்ப போற லிங்க் ஒரு பெட்டியில தெரியும். அதை அழிச்சிட்டுப் புதுசை ஒட்டி சேவ் பண்ணினா வேலை முடிஞ்சுது. புதுப் பக்கத்துல மூணே சமாச்சாரம் வெச்சேன்: உறைஞ்ச பாட்டிலோட படம், ஏன் உறையுதுன்னு நாலு வரி, பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணியில சித்த நேரம் நிறுத்தி வைக்கச் சொல்லி ஒரு சின்ன வீடியோ. சேவ் பண்ணின கையோட ரேக்குல இருந்த பாட்டில் ஒண்ணை எடுத்து ஸ்கேன் பண்ணிப் பார்த்தேன், புதுப் பக்கம் வந்துச்சு. போன மாசமே சேலத்துக்கும் சென்னைக்கும் போய்ச் சேர்ந்த பாட்டில்லயும் அதே பக்கம்தான் வரும். தை முடிஞ்சு வெயில் ஏறினதும் பழையபடி மாத்தி விட்டேன். போன் அடியோட நிக்கலை. கியூஆர்னா என்னன்னே தெரியாதவங்க எப்பவும் இருப்பாங்க. ஆனா கடைக்காரங்க இப்ப அவங்களே வாடிக்கையாளருக்கு ஸ்கேன் பண்ணிக் காட்டிடறாங்க. அதுவே எனக்குப் பாதிச் சோலி மிச்சம்.

லிங்க் ஒட்டும்போது ஒண்ணு கவனிக்கணும். வாட்ஸ்அப்ல யாரோ அனுப்பினதைக் காப்பி பண்ணினா, பின்னாடி ஒரு இடைவெளியோ முற்றுப்புள்ளியோ சேர்ந்தே வந்துடும். சில ஆப் அதைக் கண்டுபிடிச்சுச் சொல்லும், எங்களுது சொல்லாது. சேவ் ஆகிடும், ஸ்கேன் பண்ணினா காலிப் பக்கம் வரும். அதனால மாத்தின உடனே ஒரு பாட்டிலை ஸ்கேன் பண்ணாம போனைக் கீழ வைக்கறதில்லை.

அதையும் ரெண்டு போன்ல பாருங்க. காசு கட்டற முடிவுக்கு வர்றதுக்கு முன்னால ஒரு இலவசச் சேவையைப் பரிசோதிச்சப்போ, என் போன்ல புதுப் பக்கம் வருது, எங்கூட்டுக்காரர் போன்ல பழைய வீடியோவே ஓடுது. கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் படிக்கற மகள்தான் காரணம் கண்டுபிடிச்சா. திருப்பி விடறதுல ரெண்டு வகை இருக்காம். 301னு சர்வர் சொன்னா 'நிரந்தரமா மாறிடுச்சு'ன்னு அர்த்தம். போன் அதை ஞாபகத்துல வெச்சுக்கிட்டு அடுத்த தடவை சர்வரைக் கேக்காமலே பழைய இடத்துக்குப் போயிடும். 302 இல்லைன்னா 307னு சொன்னா தற்காலிகம். ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டுத்தான் போகும். அடிக்கடி மாத்தறவங்களுக்கு 302தான் சரி. காசு கட்டற சேவைங்கள்ல பெரும்பாலும் அப்படித்தான் வெச்சிருப்பாங்க, இருந்தாலும் வாங்கறதுக்கு முன்னால ஏற்கெனவே ஒரு தடவை ஸ்கேன் பண்ணின போன்லயே மறுபடி சோதிச்சுப் பார்த்துக்குங்க.

ஸ்கேன் கணக்கைப் பெருசா விளம்பரம் பண்றாங்க. எத்தனை பேர், எந்த நேரம், எந்த ஊர், எந்த போன்னு கலர் கலரா வரைபடம் வருது. எண்ணிக்கையும் நேரமும் நம்பலாம். சமைக்கற நேரத்துல யாரும் ஸ்கேன் பண்றதில்லை, ராத்திரி ஒம்பது மணிக்கு மேலதான் ஏறுதுன்னு அதுல இருந்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். ஊர்க் கணக்கை நம்பாதீங்க. நெட் கம்பெனிக்காரங்களோட ஐபி விலாசத்தை வெச்சு அதைப் போடறாங்க. எங்க செக்குக்குள்ளயே நின்னு நான் ஸ்கேன் பண்ணினா சென்னைன்னு காட்டுது. அதைப் பார்த்துச் சென்னையில வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போகுதுன்னு யாரும் அங்க டீலர் போட்டுடாதீங்க.

இனி பணம். கியூஆருக்குன்னு யாருக்கும் காசு கட்ட வேண்டியதில்லை. 1994-ல் ஜப்பான்ல டென்சோ கம்பெனியில மசாஹிரோ ஹாராவும் கூட இருந்தவங்களும் கார் உதிரிபாகத்தைக் கணக்கு வைக்க இதை உண்டாக்கினாங்க. காப்புரிமை இருந்தும் அதுக்குக் காசு கேக்காம எல்லாரும் பயன்படுத்திக்கட்டும்னு விட்டுட்டாங்க. இன்னைக்கு இளநீர் வண்டி வரைக்கும் அது வந்திருக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம். ஆக நாம சந்தா கட்டறது படத்துக்கு இல்லை, திருப்பி விடற சர்வருக்கும் அந்தக் கணக்குக்கும். எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு டின் கடலெண்ணெய் விலை ஆகுது. லேபிள் ரோல் ஒண்ணு வீணாகறதோட வெச்சுப் பார்த்தா அதிகம்னு சொல்ல மாட்டேன்.

ஆனா அந்தப் பணத்தைக் கட்டற விதம் பெரிய ரோதனை. டாலர்ல எடுப்பாங்க. பேங்க் அதுக்கு மேல மாற்றுக் கட்டணம் போடும். டெபிட் கார்டுல வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமளே பேங்க் ஆப்ல திறந்து விடணும். 2021 அக்டோபர்ல இருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டுல இருந்து தானாச் சந்தா எடுக்கணும்னா முதல்ல நம்ம ஒப்புதல் பதிவாகியிருக்கணும், ஒவ்வொரு தடவையும் எடுக்கறதுக்கு முன்னால தகவலும் வரணும். நம்ம பணத்துக்கு நல்ல காவல்தான், குறை சொல்லலை. ஆனா வெளிநாட்டுக் கம்பெனி பல நேரம் இதுக்கு ஒத்து வர்றதில்லை, தானாப் புதுப்பிக்கறது தடைபட்டு நிக்குது. போன தடவை அப்படித்தான் பணம் ஏறலை. உதவி கேட்டு ஈமெயில் போட்டா இங்கிலீஷ்ல ஒரு பொதுப் பதில், மக்யாநாளு. மகள் உக்காந்து வேற கார்டுல கட்டினா. அந்த இடைவெளியில கோடு நின்னு போகலை, சில நாள் பொறுத்துக்கறாங்க. அதை நன்மைக் கணக்குல எழுதிடறேன்.

எல்லாரும் பொறுத்துக்கறதில்லை. திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கற எங்க சின்னம்மா பையன் வேற ஒரு சேவையில 'இலவசம்'னு போட்டிருந்ததைப் பார்த்து, துணியைத் துவைக்கற முறை சொல்ற பக்கத்துக்கு ஒரு கோடு உண்டாக்கி டேக்குல அடிச்சுட்டான். படத்தை டவுன்லோட் பண்ணும்போது கட்டணம்னு ஒரு பேச்சு இல்லை. டேக் அச்சாகி, பீஸ்ல மாட்டி, செக்கிங் பேக்கிங் முடிஞ்சு சரக்கு கப்பல் ஏறின பொறகு, சோதனைக் காலம் முடிஞ்சதுன்னு கோடை நிறுத்திட்டாங்க. அங்க சரக்கு வாங்கின பையர் ஸ்கேன் பண்ணினா, இந்தக் கோடு முடக்கப்பட்டிருக்கு, உரிமையாளர் பணம் கட்டித் திறக்கலாம்னு ஒரு பக்கம் வருதாம். "அக்கா, துணி சாயம் போயிருந்தாக்கூட இவ்வளவு கூச்சமா இருந்திருக்காது"ன்னான். அவங்க கேட்ட தொகையைக் கட்டினான், வேற என்ன செய்வான்? அச்சடிச்ச டேக் அவன் பக்கம், அதுக்குள்ள இருக்கற விலாசம் அவங்க பக்கம்.

இந்தச் சேவைங்களோட அடிப்படைக் குறையே அதுதான். கோடுக்குள்ள இருக்கற குட்டி லிங்க்ல யாரோட டொமைன், அதாவது யாரோட வெப்சைட் பேர், இருக்கோ, உங்க லேபிள் அவங்க கையில. வாடகை வீட்டு விலாசத்தைக் கல்யாணப் பத்திரிகையில அடிச்சுக் குடுத்த மாதிரி. வீட்டுக்காரர் நல்லவரா இருக்கற வரைக்கும் பிரச்சினையில்லை.

வீட்டுக்காரர் பெரிய ஆளா இருந்தாலும் இதே கதைதான். கூகுள்காரங்க ஃபயர்பேஸ் டைனமிக் லிங்க்ஸ்னு, இதே மாதிரி லிங்க்கைத் திருப்பி விடற சேவை ஒண்ணு நடத்திட்டிருந்தாங்க. 2025 ஆகஸ்ட் 25-ஆம் தேதியோட அதை மூடினாங்க. முன்கூட்டிச் சொல்லிட்டுத்தான் மூடினாங்க, ஆனா அச்சடிச்ச காகிதத்துக்கு முன்கூட்டிச் சொல்லி என்ன பிரயோசனம்? சொந்த டொமைனா இருந்தும் கைவிட்டா என்ன ஆகும்கறதுக்கு ஜெர்மனியில ஹைன்ஸ் தக்காளி கெட்சப் பாட்டில் சாட்சி. ஒரு போட்டிக்காக டொமைன் வாங்கி, அதுக்குப் போற கியூஆரை பாட்டில்ல போட்டாங்க. போட்டி முடிஞ்சதும் டொமைனைப் புதுப்பிக்காம விட்டுட்டாங்க, வேற யாரோ வாங்கிட்டாங்க. 2015-ல் ஒருத்தர் வீட்டுல இருந்த பாட்டிலை ஸ்கேன் பண்ணினா ஆபாசத் தளம் திறந்துச்சு. கம்பெனி மன்னிப்புக் கேட்டுச்சு. சாஸ் பாட்டிலாவது காலியானா குப்பைக்குப் போகும். நம்ம ஊர்ல எண்ணெய் பாட்டில் காலியானா கழுவி, புளித்தண்ணியோ வேப்பெண்ணெயோ ஊத்தி வெச்சிருப்பாங்க. 15 கிலோ டின் துளசிச் செடியோட வாசல்ல நிக்கும். எண்ணெய்க்கு ஆறு மாசம்தான் கெடு, கோடுக்கு அப்படி ஒண்ணும் கிடையாது.

ஆகவே சந்தா கட்டறதுன்னாலும் 'சொந்த டொமைன் இணைக்கலாம்'ங்கற வசதி இருக்கற திட்டமாப் பாருங்க. எங்க திட்டத்துல அது இல்லை, மேல் திட்டத்துலதான் இருக்கு, அது ரெண்டு டின் விலை. அந்த வசதி இருந்தா கோடுக்குள்ள நம்ம பேர்ல இருக்கற டொமைனே அச்சாகும். நாளைக்கு அந்தக் கம்பெனியை விட்டு வந்தாலும் அதே டொமைனை வேற சர்வருக்குத் திருப்பிக்கலாம், பாட்டில்ல கை வைக்க வேண்டியதில்லை.

இன்னொண்ணையும் மகள் கேட்டா, அதுக்கு அந்தச் சேவைக்காரங்க விளம்பரத்துல பதில் இல்லை. "ஏம்மா, நமக்குத்தான் வெப்சைட் இருக்கே, அதுலயே ஒரு பக்கத்துக்கு ஸ்டாட்டிக் கோடு போட்டுட்டு, அந்தப் பக்கத்துல இருக்கறதை மட்டும் மாத்திக்கிட்டா ஆகாதா?" நெசம்தான். இந்த மாச எள்ளு சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து ஏலத்துல எடுத்ததுன்னு எழுதறதுக்கும், பேட்ச் வாரியா லேப் ரிப்போர்ட் போடறதுக்கும் லிங்க் மாத்த வேண்டியதே இல்லை, பக்கத்தைத் திருத்தினாப் போதும். யூடியூப், வாட்ஸ்அப், கூகுள் ஃபார்ம்னு அடுத்தவங்க இடத்துக்கு அனுப்பறப்பதான் திருப்பி விடற வேலை வருது. அதையும் நம்ம டொமைன்ல சின்னதா ஒரு விலாசம் வெச்சு, வெப்சைட்டுக்கு இடம் குடுக்கற ஹோஸ்டிங் கம்பெனியோட பேனல்ல இருக்கற ரீடைரக்ட், அதாவது திருப்பி விடற, வசதியில மாத்திக்கலாம். டொமைனுக்கு வருஷம் ஆயிரம் ரூபாய் பக்கம் ஆகும். கலர் வரைபடம் கிடைக்காது, போன்ல ஒரே தொடுதல்ல மாத்தற சொகுசும் இருக்காது. வீட்டுல கம்ப்யூட்டர் தெரிஞ்ச பிள்ளை இல்லாதவங்களுக்கு அந்தச் சொகுசுக்காகவே சந்தா தகும்.

அச்சு பத்தியும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா டைனமிக்ல சொல்லாம கிடைக்கற லாபம் அங்கதான். லிங்க் நீளமானா கோடுக்குள்ள இருக்கற குட்டிக் கட்டங்களோட எண்ணிக்கை பெருகும். நூறு எழுத்து கூகுள் லிங்கை அப்படியே போட்டா 41-க்கு 41 கட்டம். எங்க லேபிள்ல கோடுக்கு விட்ட 2 சென்டிமீட்டர்ல ஒரு கட்டம் அரை மில்லிமீட்டர்கூட வராது. 24 எழுத்துக் குட்டி லிங்க்னா 25-க்கு 25லயே அடங்கிடும், கட்டம் முக்கால் மில்லிமீட்டருக்கு மேல. உருண்டை பாட்டில்ல வளைஞ்சு ஒட்டினாலும் பழைய போன்கூடப் பிடிச்சுக்குது. எண்ணெய் லேபிளுக்குப் பிழைதிருத்தம் 'கியூ' (Q) அளவுல வெச்சுக்குங்க, கால்வாசி அழிஞ்சாலும் படிக்கும். கட்டம் 29-க்கு 29 ஆகும், பரவாயில்லை. ஊத்தும்போது வாயோரம் வழியற எண்ணெய் லேபிள் மேல இறங்கி, குரோமோ பேப்பரா இருந்தா ஊறிக் கறுத்துடும். பிபிங்கற பிளாஸ்டிக் லேபிளா இருந்தா துணியில துடைச்சாப் போச்சு. கோடைச் சுத்தி நாலு கட்ட அகலத்துக்கு வெள்ளை விடணும். டிசைன் பண்ற தம்பி அழகுக்குன்னு அந்த வெள்ளையில கோலக்கம்பி வரைஞ்சு குடுத்தார், பாதி போன்ல பிடிக்கலை. "கோலம் அக்கட்டால இருக்கட்டும் தம்பி"ன்னு நகர்த்தி வெச்சோம். லைசென்ஸ் நம்பர், நிகர அளவு, பேட்ச், தேதி இதெல்லாம் லேபிள்லயே அச்சுல இருக்கணும், கோடுக்குப் பின்னால தள்ளிவிட முடியாது.

வயசானவங்க பல பேருக்குத் தெரிஞ்ச ஸ்கேனர் பணம் அனுப்பற ஆப்தான். அதுல எங்க பாட்டிலைக் காட்டினா, இது பேமென்ட் கோடு இல்லைன்னு சொல்லிடும், உடனே "உங்க கோடு வேலை செய்யலீங்"னு போன் வரும். இப்ப லேபிள்ல கோடுக்குக் கீழ 'கேமராவில் பார்க்க'ன்னு ரெண்டு வார்த்தை போட்டிருக்கோம். கல்லாவுல ஒட்டற யூபிஐ கோடு வேற சங்கதி. அதுல நம்ம யூபிஐ ஐடியே நேரா எழுதியிருக்கு. அதை இந்த மாதிரிச் சேவையில உண்டாக்கற சோலியே வேண்டாம், பேங்க் குடுத்ததையே ஒட்டுங்க.

மார்க் போடணும்னா, மாத்தற வசதிக்கு அஞ்சுக்கு அஞ்சு. லிங்க் ஒட்டும்போது வர்ற அந்த இடைவெளிச் சங்கதியைத் தவிர, அதுல இதுவரைக்கும் ஒரு குறையும் வரலை. கணக்குக்கு மூணு. பணம் கட்டற முறைக்கும் உதவிக்கும் ரெண்டு, அதுவும் அந்தச் சில நாள் பொறுத்துக்கிட்டதுக்காக. இந்த வருஷம் புதுப்பிச்சுட்டேன். கையில இருக்கற ரோல் தீர்ந்ததும் புது லேபிள் எங்க டொமைன்ல அச்சாகும், டிசைன் ரெடி. வெளியில போன பாட்டிலுக்காகப் பழைய சந்தாவை இன்னும் ரெண்டு வருஷமாவது ஓட்டித்தான் ஆகணும், அந்தச் செலவை இப்பவே எண்ணெய் விலையில சேர்த்துட்டோம்.